ஒரே விலாசம் உள்ள பெயர்கள் போதும்: கால்பந்து ரசிகர் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரசிகர் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும், ஆட்டம் நடக்கும் தொண்ணூறு நிமிடமும் களத்துக்கு முதுகைக் காட்டிக் கம்பித் தடுப்பின் மேல் ஏறி நின்று, கையில் ஒலிபெருக்கியுடன் முழக்கத்தை எடுத்துக் கொடுக்கும் தலைவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை ஃபிஃபாவுக்கோ, ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்துக்கோ, ஏதாவது ஒரு நாட்டின் காவல்துறைக்கோ எழுதியிருக்கலாம். அவர்களிடம் விதிப்புத்தகம் இருக்கிறது. அபராதம் போடவும், பார்வையாளர் மாடத்தைப் பூட்டவும், அணியைப் போட்டியிலிருந்து நீக்கவும் அதிகாரம் இருக்கிறது. ஆனால், அரங்கின் ஒரு மூலையில் ஆயிரக்கணக்கான தொண்டைகள் எந்தச் சொல்லை உரக்கச் சொல்லப்போகின்றன என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள். கூட்டம் வாங்கிப் பாடுகிறது. ஆகவே, எதிரணி ரசிகர்களுக்கு வைக்கப்பட்டிருக்கும் பட்டப்பெயர்களைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

கேலியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கேலி இல்லாத உள்ளூர்ப் போட்டி ஆட்டத்தைப் பார்ப்பதைவிடப் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கலாம். என் முறையீடு மிகக் குறுகியது. ஒரு பட்டப்பெயரைப் பற்றிக் குறை சொன்னால், அது எப்படிப் பிறந்தது என்ற கதையை உங்களில் பலர் பதிலாகச் சொல்கிறீர்கள். கதை சுவையாகவும் இருக்கும், பல நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆயினும் அந்தக் கதை ஒரு பெயருக்கு உரிமம் ஆகாது. அந்தப் பெயர் இன்றைக்கு யார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எதிரணி ரசிகரின் கதவை மட்டும் தட்டினால், தாராளமாகப் பாடுங்கள். அவரைத் தவிர வேறொருவரின் கதவையும் தட்டினால், அந்த வேறொருவர் உங்கள் சண்டையில் சேராதவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரே விலாசம் உள்ள பெயருக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் ரசிகர்களுக்கு, கோழைகள் என்ற பொருளில் வந்து சேர்ந்த 'கோழிகள்' என்ற பெயர். 1966 மே 20 அன்று, சாண்டியாகோவில் நடந்த, தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்ட்டடோரஸ் கோப்பை இறுதிப் போட்டியின் தீர்மான ஆட்டத்தில், உருகுவேயின் பெனரோல் அணிக்கு எதிராக ரிவர் பிளேட் இடைவேளையின்போது 2-0 என முன்னிலையில் இருந்தது. கூடுதல் நேரம் முடிந்தபோது 4-2 எனத் தோற்றிருந்தது. அதற்குப் பின் நடந்த ஓர் உள்நாட்டு ஆட்டத்தில், பான்ஃபீல்டு அணியின் ரசிகர்கள் ஒரு வெள்ளைக் கோழியின் உடலில் சிவப்புப் பட்டை தீட்டிக் களத்துக்குள் விட்டார்கள். வெள்ளைச் சட்டையில் குறுக்கே ஓடும் சிவப்புப் பட்டைதான் ரிவர் பிளேட்டின் சீருடை. இதைவிடக் கச்சிதமான கேலியை எந்தக் கேலிச்சித்திரக்காரரும் வரைந்திருக்க முடியாது. 2004இல் அதே கோப்பையின் அரையிறுதியில், ரிவர் பிளேட்டின் சொந்த அரங்கிலேயே போகா ஜூனியர்ஸ் அணியின் கார்லோஸ் டெவெஸ் கோல் அடித்துவிட்டுக் கைகளைக் கோழிச் சிறகுபோல் அடித்துக் காட்டி, சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார். நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகியும் அந்தத் தோல்வி ஆறவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் சுடுவது ரிவர் பிளேட் ரசிகரை மட்டும்தான். அது குறிப்பது ஒரு மாலையில் அவர்கள் அணி செய்த காரியத்தை மட்டும்தான்.

போகா ரசிகர்களுக்கு ரிவர் தரப்பு வைத்த 'சாணக்காரர்கள்' என்ற பெயர் கொஞ்சம் சிக்கலானது. லா போகா பகுதியில் குதிரைச் சாணத்தைப் பயன்படுத்திய செங்கல் சூளை இருந்ததாகவும், அந்த வாடையிலிருந்து பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். இதில் ஏழை வட்டாரத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தும் மேட்டிமை ஒளிந்திருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்தவரே அதை மார்பில் அணிந்துகொண்டுவிட்டார்கள். இன்று போகா ரசிகர் ஒருவர் தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொண்டால் அதில் பெருமையே தெரியும். எவர்மேல் எறியப்பட்டதோ அவரே எடுத்துக்கொண்டார். அதை நாம் வெளியிலிருந்து திருத்தப் போக வேண்டியதில்லை.

பிரேசிலின் பால்மெய்ராஸ் அணியின் கதையை நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவீர்கள், நியாயமாகத்தான். 1969இல் கொரிந்தியன்ஸ் அணியின் லிடு, எட்வார்டோ என்ற இரண்டு வீரர்கள் கார் விபத்தில் இறந்தார்கள். பதிவுக்கான காலக்கெடு முடிந்துவிட்ட நிலையில், அவர்களுக்கு மாற்றாக இருவரைச் சேர்த்துக்கொள்ள அந்த அணி அனுமதி கேட்டது. எல்லாக் கழகங்களும் ஒப்ப வேண்டும் என்ற நிலையில் பால்மெய்ராஸ் மறுத்துவிட்டது. கொரிந்தியன்ஸ் தலைவர் அதைப் பன்றிக் குணம் என்று சாடினார். அடுத்து இரு அணிகளும் மோதியபோது ரசிகர்கள் உண்மையாகவே ஒரு பன்றியைக் களத்தில் ஓடவிட்டார்கள். இந்தப் பெயருக்கு அதற்கும் முந்தைய ஒரு வேர் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியக் குடியேறிகளை இழிவுபடுத்தப் புழங்கிய சொல் அது என்பார்கள். இத்தாலியர் தொடங்கிய அந்தக் கழகம் பலஸ்ட்ரா இத்தாலியா என்ற தன் பெயரையே 1942இல் மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த வசை எவ்வளவு கசந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பல ஆண்டுகள் பொருமிக்கொண்டிருந்த பால்மெய்ராஸ் ரசிகர்கள் 1986இல் அதைத் தாங்களே முழங்கத் தொடங்கினார்கள். அணியின் நட்சத்திரம் ஜோர்ஜின்யோ கையில் பன்றிக்குட்டியுடன் ஒரு விளையாட்டு இதழின் அட்டைப்படத்தில் தோன்றினார். அன்றோடு எதிரணியின் வாயிலிருந்து அந்த ஆயுதம் விழுந்துவிட்டது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இரண்டு அணிகளின் ரசிகர்களும் ஒருவரையொருவர் பன்றிகள் என்றே அழைக்கிறார்கள், இதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யாருக்கு முதலில் வைக்கப்பட்ட பெயர் என்பதில் இருதரப்பும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கின்றன. யாருக்கும் இதனால் கேடில்லை.

அதே இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் ஊர் ரசிகர்களுக்கான 'குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்' என்ற பெயரும் இந்த வகைதான். நெப்போலியன் காலப் போரில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் உடைந்து, அதிலிருந்து சீருடை அணிந்த ஒரு குரங்கு மட்டும் கரை ஒதுங்கியதாகவும், பிரெஞ்சுக்காரனை முன்பின் பார்த்திராத ஊரார் அதை ஒற்றன் என்று நினைத்துத் தூக்கிலிட்டதாகவும் கதை. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இதற்குச் சான்றில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேடைப்பாட்டு ஒன்றின் வழியாகத்தான் இது பரவியது. ஊரைப் பட்டிக்காடு என்று இளிக்கும் அண்டை ஊர் ரசிகர்களின் பெயரை, ஹார்ட்லிபூல் தன் அணியின் அடையாள உருவமாகவே ஆக்கிக்கொண்டது. அந்தக் குரங்கு வேடத்தை அணிந்து மைதானத்தைச் சுற்றிவந்த ஸ்டுவர்ட் ட்ரம்மண்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்ற வாக்குறுதியுடன் 2002இல் நகர மேயர் தேர்தலில் நின்று வென்றார். பின்னர் இரண்டு முறை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிரணி ரசிகர்கள் இதற்குப் பின் எதைச் சொல்லிக் கேலி செய்வது?

இத்தாலியின் வெரோனா நகரில், ஹெல்லாஸ் அணியின் ரசிகர்கள் புறநகரின் சின்னஞ்சிறு கியேவோ அணியைப் பார்த்து, கழுதைகள் பறக்கும்போதுதான் நாம் முதல் பிரிவில் சந்திப்போம் என்று பாடினார்கள். 2001இல் கியேவோ முதல் பிரிவுக்கு ஏறியது. அந்தப் பருவத்தின் முடிவில் பறக்கும் கழுதைகள் ஐந்தாம் இடத்தில் இருந்தார்கள், ஹெல்லாஸ் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. தன் கேலி தனக்கே திரும்பக்கூடும் என்ற அபாயத்தோடு எறியப்படும் பெயர்தான் ஆட்டத்துக்கு ஏற்ற பெயர் என்பது என் கட்சி.

இனி, பிறப்புக் கதையை நம்பி ஏமாறும் இடங்களுக்கு வருகிறேன். சௌத்தாம்ப்டன் ரசிகர்களைப் போர்ட்ஸ்மத் ரசிகர்கள் கசடுகள் என்ற பொருளில் ஒரு பெயரால் அழைக்கிறார்கள். அது ஒரு கப்பல்துறைத் தொழிற்சங்கத்தின் பெயரெழுத்துகளிலிருந்து வந்தது என்றும், அந்தச் சங்கத்தார் ஒரு வேலைநிறுத்தத்தைக் காட்டிக் கொடுத்தார்கள் என்றும் விளக்கம் சொல்வார்கள். அப்படி ஒரு சங்கம் இருந்ததற்கு ஆதாரமில்லை. வசைச்சொல் முதலில் வந்தது. அதற்கு ஒரு கௌரவமான வரலாறு பிறகு தைத்துப் போடப்பட்டது. பட்டப்பெயர்களின் வரலாற்றில் பாதி இப்படித்தான் இருக்கிறது.

ரியோவின் ஃப்ளுமினென்ஸ் அணிக்கு வந்த 'அரிசிமா' என்ற பெயர் இன்னும் நுட்பமானது. 1914இல் 'அமெரிக்கா' என்ற பெயருள்ள இன்னொரு ரியோ அணியிலிருந்து அங்கே மாறிச் சென்ற கலப்பின வீரர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ, தன் தோலின் நிறத்தை மறைக்க முகத்தில் மாவு பூசிக்கொண்டார் என்றும், வியர்வையில் அது கரைய, பழைய அணியின் ரசிகர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள் என்றும் ஒரு கதை. முகம் மழித்தபின் பவுடர் போடுவது அவருக்கு முன்பிருந்தே வழக்கம் என்பது மறுகதை. இன்று ஃப்ளுமினென்ஸ் ரசிகர்கள் அணி களமிறங்கும்போது வெள்ளை மாவை மேகம்போல் வாரி இறைத்துக் கொண்டாடுகிறார்கள். பார்க்க அழகான காட்சிதான். ஆனாலும், ஒரு மனிதனை அவன் தோலுக்காகக் கூனிக்குறுக வைத்திருக்கக்கூடிய ஒரு பிற்பகலை அந்த மேகம் முழுதாக மூடிவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கொண்டாடுபவர்கள் அந்த வீரரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இதே ரியோவில் ஃப்ளமெங்கோ ரசிகர்களைப் பிணந்தின்னிக் கழுகுகள் என்று போட்டி அணிகளின் ரசிகர்கள் இழித்தார்கள். அந்த அணிக்குக் கறுப்பின ரசிகர்களும் ஏழை ரசிகர்களும் மிகுதி. பறவையின் கறுப்பு நிறம்தான் வசையின் உட்பொருள். 1969இல் பொட்டாஃபோகோவுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன், ஃப்ளமெங்கோ ரசிகர்கள் சிலர் உயிருள்ள ஒரு கழுகைப் பிடித்துவந்து, காலில் அணிக்கொடியைக் கட்டி மரக்கானா அரங்கில் பறக்கவிட்டார்கள். அணி 2-1 என வென்றது. கழுகு அணியின் சின்னமானது. இந்த மீட்பு செல்லுபடியானதற்குக் காரணம் ஒன்று உண்டு. யாருடைய நிறத்தை வைத்து வசை பாடப்பட்டதோ, அவர்களே அந்தப் பறவையைத் தூக்கி வந்தார்கள். காயம் பட்டவரும் பெயரை எடுத்துக்கொண்டவரும் ஒரே ஆட்கள்.

அதே பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் நேர்மாறானது நடந்தது. இண்டர்நேஷனல் அணியின் ரசிகர்களை கிரேமியோ ரசிகர்கள் பல பத்தாண்டுகளாகக் குரங்குகள் என்று அழைத்துவந்தார்கள். அது போட்டி அணிக்கான பெயர்தான், இனத்தைக் குறிப்பதில்லை என்று சொல்லியும் வந்தார்கள். 2014 ஆகஸ்டில், சாண்டோஸ் அணியின் கறுப்பினக் கோல்காப்பாளர் அரான்யாவை நோக்கி அதே மாடத்திலிருந்து அதே சொல் பறந்தது. அவர் இண்டர்நேஷனல் வீரரும் அல்லர், ரசிகரும் அல்லர். அன்றும், அது எங்கள் ஊர்ப் போட்டியின் பழைய வழக்கு என்ற சமாதானம் கேட்டது. விளையாட்டு நீதிமன்றம் கிரேமியோவைப் பிரேசில் கோப்பையிலிருந்தே நீக்கியது. ஒரு சொல்லைப் பல ஆண்டுகள் வாயில் வைத்திருந்தால், அது எந்த நேரத்தில் யாரை நோக்கிப் பாயும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இப்போது, மிகக் கடினமான வழக்கு. வட லண்டனின் டாட்டனம் ரசிகர்களை எதிரணியினர் 'யிட்' என்று அழைத்தார்கள். யூதரைக் குறிக்கும் வசைச்சொல் அது. அந்த அணிக்கு யூத ரசிகர்கள் கணிசமாக இருந்தது காரணமாகச் சொல்லப்படுகிறது; ஆர்சனலுக்கும் அப்படியே இருந்தார்கள் என்பது வேறு விஷயம். கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷைப் பேசியவர்கள் தங்களைத் தாங்களே சுட்டிக்கொள்ள வைத்திருந்த சாதாரணச் சொல்தான் மூலம். பிறப்பை மட்டும் பார்த்தால் களங்கமே இல்லை. ஆனால், 1930களில் லண்டன் வீதிகளில் ஊர்வலம் போன ஆஸ்வால்ட் மோஸ்லியின் பாசிஸ்டுகள் யூதரை விரட்டச் சொல்லி முழங்கியபோது அவர்கள் வாயில் இருந்ததும் அதே சொல்தான். பின்னர் கால்பந்து அரங்குகளில் அந்தச் சொல்லோடு ஒரு சீறல் ஒலியும் சேர்ந்து வந்தது. விஷவாயு அறைகளில் வாயு வெளியேறும் ஓசையைப் போன்ற 'ஸ்ஸ்ஸ்' என்ற ஒலி. மாடம் முழுவதும் பல்லிடுக்கால் காற்றை விடும்போது எழும் அந்த ஓசைக்குள் ஒரு சொல்கூட இல்லை என்பதை, சொற்களை மட்டும் பட்டியல் போட்டுத் தடை செய்ய நினைக்கும் அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

இதற்கு எதிர்வினையாக டாட்டனம் ரசிகர்கள், யூதரும் யூதரல்லாதவரும் சேர்ந்து, அந்தப் பெயரைத் தங்கள் கொடியாக்கினார்கள். எங்கள் நண்பனைச் சொன்னால் எங்கள் எல்லோரையும் சொன்னதாகும் என்ற தோழமை அதில் இருந்தது. அதை நான் மதிக்கிறேன். 2013இல் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் அந்தச் சொல்லை முழங்குவது குற்றமாகலாம் என்று எச்சரித்தது. டாட்டனம் ரசிகர்கள் தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொள்வதற்கு வழக்குத் தொடுக்கக் கூடாது என்று அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் சொன்னார். மூன்று ரசிகர்கள்மீது போடப்பட்ட வழக்கு 2014இல் கைவிடப்பட்டது. பின்னர் கழகமே தன் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டது; 23,000க்கும் மேற்பட்டோர் பதில் அளித்தார்கள். 2022 பிப்ரவரியில், அந்தச் சொல்லைக் கடந்து செல்வோம் என்று கழகம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது.

என் கருத்தும் அதுவே. ஃப்ளமெங்கோவின் கழுகுக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. இங்கே பெயரை எடுத்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர் அல்லர். ஆட்டம் முடிந்ததும் கழுத்துத் துணியோடு அந்தப் பெயரையும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக அவர்களால் முடியும். காற்பந்தே பார்க்காத ஒரு யூதர், ரயில் பெட்டியில் அந்தப் பெயரைக் கூட்டம் முழங்கக் கேட்டு உட்கார்ந்திருக்கும்போது, பாடுகிறவர்கள் டாட்டனம் ரசிகர்களா, எதிரணியினரா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மேலும், நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்ற வாசல் திறந்திருக்கும் வரை, அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்று எதிரணி உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும்.

ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் ரசிகர்களும் இதே பாதையில் நடந்தவர்கள். யூதர் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளுக்கு அருகே, நகரின் கிழக்கில் இருந்தது அவர்களுடைய பழைய அரங்கு. எதிரணியினர் யூதர் என்று வசை பாட, இவர்கள் 'சூப்பர் யூதர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்டு இஸ்ரேல் கொடியையும் பிடித்தார்கள். பதிலுக்கு எதிர் மாடங்களிலிருந்து யூதரை வாயுவுக்கு அனுப்பு என்ற பொருளில் முழக்கம் வந்தது. நாஜி ஆக்கிரமிப்புக்கு முன் நெதர்லாந்தில் சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்டில் இது பட்டப்பெயர் விளையாட்டாகத் தொடங்கியது என்று சொல்வதால் எதுவும் லேசாகிவிடவில்லை. 2011இல் அயாக்ஸை வென்ற களிப்பில், ஹேக் நகர அணியின் லெக்ஸ் இம்மர்ஸ் ரசிகர்களோடு சேர்ந்து யூத வேட்டைக்குப் போகிறோம் என்று பாடி, ஆட்டத் தடைக்கு ஆளானார். அவர்கள் வேட்டையாடப் போனதாகச் சொன்னது ஒரு கால்பந்து அணியைத்தான் என்பதை நான் நம்பவும் தயார். அதனால்தான் இது இன்னும் மோசம். ஒரு மக்கள் கூட்டத்தின் அழிவு, வெற்றிக் களிப்பில் யோசிக்காமல் பாடக்கூடிய அளவுக்குச் சாதாரணமாகிவிட்டிருந்தது.

நோயையும் பேரிடரையும் பெயராக்குவது அடுத்தது. 1973இல் நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவியது. 1980 நவம்பரில் அதன் சுற்றுவட்டாரத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வட இத்தாலிய அரங்குகளில் நேப்பிள்ஸ் ரசிகர்களுக்குக் காலராக்காரர்கள், நிலநடுக்கக்காரர்கள் என்ற பெயர்கள் அதன் பிறகு நிலைத்தன. வெசுவியஸ் எரிமலையை அழைத்து அவர்களை நெருப்பால் கழுவச் சொல்லும் பாட்டும் சேர்ந்துகொண்டது. 2013இல் இத்தாலியக் கால்பந்து நிர்வாகம் பிரதேசப் பாகுபாடு என்ற விதியின்கீழ் மாடங்களை மூடத் தொடங்கியபோது, நேப்பிள்ஸ் ரசிகர்களே தங்கள் சொந்த அரங்கில், நேப்பிள்ஸ் காலரா என்று தங்களைத் தாங்களே வைது, இப்போது எங்கள் மாடத்தையும் மூடுங்கள் என்று பதாகை பிடித்தார்கள். மேலிருந்து வரும் தண்டனையின்மேல் ரசிகர்களுக்கு இருக்கும் வெறுப்பு, தங்களை இழித்தவர்கள்மேல் இருக்கும் கோபத்தையும் மிஞ்சிவிட்டதை அதில் பார்க்கலாம். அந்தக் குறும்பு அவர்களுடைய உரிமை. ஆனால் அதைக் காட்டி, அவர்களே சிரிக்கிறார்களே என்று வடக்கு மாடங்கள் தங்கள் பாட்டைத் தொடர முடியாது. அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்கு எந்த அணியின் ஆட்ட முடிவும் இனித் தெரியப்போவதில்லை.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ் ரசிகர்கள் விஷயத்தில் என் அளவுகோல் எனக்கே இடிக்கிறது. தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் ஆட அந்த அணி ஒப்புக்கொண்டது என்றும், எதிரணி ரொசாரியோ சென்ட்ரல் மறுத்தது என்றும், அதனால் இவர்களுக்குத் தொழுநோயாளிகள் என்றும் அவர்களுக்கு அயோக்கியர்கள் என்றும் பெயர் வந்தது என்றும் ஊரே சொல்கிறது. இரண்டு தரப்பும் தத்தம் பெயரைப் பெருமையாகச் சுமக்கின்றன. ஒரு நற்செயலால் கிடைத்த பெயரை விட்டுவிடு என்று சொல்ல நா எழவில்லை. ஆனாலும் தொழுநோய் இன்னும் மனிதர்களுக்கு வருகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முற்றிலும் குணமாகிறது. குணமான பிறகும் அந்தப் பெயர் அவர்களை விடாமல் துரத்துகிறது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொழுநோயால் பாதிக்கப்பட்டோர்மீதும் அவர்கள் குடும்பத்தார்மீதும் காட்டப்படும் பாகுபாட்டுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதனோடு வந்த வழிகாட்டு நெறிகள், அந்த இழிசொல்லை அரசு வெளியீடுகளிலிருந்து நீக்கச் சொல்கின்றன. நியூவெல்ஸ் ரசிகர்கள் தங்கள் பெயரை வைத்துக்கொள்வதா என்பதை அந்த நோயிலிருந்து மீண்டவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். சென்ட்ரல் ரசிகர்கள் அதை வசையாக வீசும்போது மட்டும் எனக்கு ஐயமே இல்லை, அது தவறு.

செத்தவர்களைப் பெயராக்குவதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நடந்த விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் 8 பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள். அந்த ஊர்ப் பெயரையே யுனைடெட் ரசிகர்களுக்கான பட்டப்பெயராக்கிச் சில எதிரணி ரசிகர்கள் இன்றும் அழைக்கிறார்கள். ஹில்ஸ்பரோ அரங்கின் நெரிசலில் நசுங்கி இறந்த 97 லிவர்பூல் ரசிகர்களையும், ஹெய்சல் அரங்கில் இறந்த 39 பேரையும் வைத்துப் பாடுவதும் இதே குலம். இதற்கு எந்தப் பிறப்புக் கதையும் தேவையில்லை, யாரும் சொல்வதுமில்லை.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத பெயரும் உண்டு. நாட்டில் பாதிப் பேரும் அதற்கு மேல் இன்னும் ஒருவரும் எங்கள் ரசிகர்கள் என்பது போகாவின் பழைய பெருமை. அந்தப் பாதிக்கு மேல் ஒன்றும் பொலிவியாவிலும் பராகுவேயிலும் இருந்து வந்தவர்கள் என்பது எதிரணிகளின் பாட்டு. இரண்டு நாடுகளின் பெயர்கள் மட்டும்தான், வேறெதுவும் இல்லை. ஆனால் வேலை தேடி அங்கிருந்து வந்து, அதே மாடத்தில் உங்கள் பக்கத்திலேயே உங்கள் அணியின் சட்டையோடு நிற்கும் ஒருவர், அந்தப் பாட்டு தொடங்கும்போது வாயை என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தை நம்பி இதை விட்டுவிட முடியாது என்பதை ஸ்காட்லாந்து காட்டிவிட்டது. கிளாஸ்கோவில் கத்தோலிக்கப் பின்னணி கொண்ட செல்டிக், புராட்டஸ்டண்ட் பின்னணி கொண்ட ரேஞ்சர்ஸ் அணிகளின் ரசிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் வீசும் மதச்சாயல் கொண்ட பெயர்களை ஒடுக்க 2012இல் தனிச் சட்டம் வந்தது; 2018இல் அதே நாடாளுமன்றம் அதை நீக்கியது. ரேஞ்சர்ஸ் ரசிகர்களை ஹன்கள் என்று அழைப்பது கழகத்தை மட்டும் குறிக்கிறதா, புராட்டஸ்டண்டுகள் அனைவரையும் குறிக்கிறதா என்பதில் இருதரப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எனக்குத் தெரிந்த வரையில், அப்படிப்பட்ட சந்தேகம் எழும் இடத்தில் எறிபவரின் சொல்லைவிட, கேட்பவரின் சொல்லுக்கு எடை கூடுதல். செல்டிக் ரசிகர்கள்மேல் வீசப்படும், முதலில் ஐரிஷ் விடுதலைப் போராளிகளைக் குறித்த 'ஃபீனியன்' என்ற பெயருக்கும் இதே நியாயத்தைத்தான் சொல்வேன். சில செல்டிக் ரசிகர்கள் அதைப் பெருமையாக ஏற்பதால், தெருவில் போகும் கத்தோலிக்கர் ஒருவரை அதே பெயரால் மிரட்டும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

ஆகவே என் கோரிக்கையை நேராகவே வைக்கிறேன். அடுத்த பருவத்துக்கான பாட்டுகளையும் பதாகைகளையும் நீங்கள் முடிவு செய்யும் கூட்டத்தில், எதிரணிக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் பெயர் எதிரணி ரசிகரைத் தவிர வேறு யாருக்கெல்லாம் உரியது என்று கேளுங்கள். ஓர் இனத்துக்கோ, மதத்துக்கோ, நோய்க்கோ, இன்னொரு நாட்டு மக்களுக்கோ, இறந்தவர்களுக்கோ உரியது என்றால், அதை எடுத்துக் கொடுக்காதீர்கள். கூட்டத்தின் ஒரு மூலையில் யாராவது தாமாகத் தொடங்கினால், முரசை நிறுத்தி வேறு பாட்டுக்குத் திருப்புங்கள். அது உங்களால் முடியும் என்பதை எந்த ஆட்டத்திலும் பார்க்கிறோம். உங்கள் குழுவில் அந்த இனத்தையோ மதத்தையோ சேர்ந்தவர் இருந்தால், அவரைச் சாட்சியாக நிறுத்தி, இவனே ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்காதீர்கள். மாடத்தில் தன் இடத்தை இழக்க விரும்பாத ஒருவர் உங்கள் எல்லோர் முன்னாலும் வேறு என்ன பதில் சொல்வார்? தனியாகக் கேளுங்கள், கேட்டால் காது கொடுங்கள்.

நீக்கிய பெயருக்குப் பதிலாகப் புதியது வேண்டுமென்றால், எதிரணியின் ஆட்டத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு கோல் முன்னிலையைக் கோட்டைவிடாத அணி உலகத்தில் இல்லை.

இப்படிக்கு,
மாடத்தில் உங்களுக்குச் சில வரிசைகள் தள்ளி நிற்கும் ஒரு ரசிகன்